ஊசி குத்திக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்...

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற பொண்ணு வந்து, "அக்கா, நீங்க முன்னாடி அக்குபங்சர் போனீங்கல்ல, எங்க அண்ணனுக்கு இடுப்பு வலி, அனுப்பலாமா?"ன்னு கேட்டா. 'அனுப்பு'ன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல ஒரே வார்த்தையில பதில் சொல்லி நான் ஒரு தடவை நல்லா பட்டிருக்கேன். அதனால அவளை உட்கார வெச்சு அரை மணி நேரம் பேசினேன். பாவம், அவளோட சாப்பாட்டு நேரம் போச்சு. பேசினதை அப்படியே எழுதியும் வெச்சுட்டா அடுத்த ஆளுக்கு உதவுமேன்னு இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதற உத்தியோகம். ஊசி குத்திக்கிட்ட அனுபவம் மட்டும்தான் தகுதி :-)

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2017. எனக்கு இடது தோள்பட்டை திடீர்னு மக்கர் பண்ண ஆரம்பிச்சது. முதல்ல ராத்திரி வலி. அப்புறம் கை மேல தூக்க முடியலை. எம்ஆர்டியில மேல தொங்கற பிடியைப் பிடிக்க முடியாது. தலை பின்ன முடியாது. ரவிக்கை கொக்கி மாட்டறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும். பாலிகிளினிக் போனேன். டாக்டரம்மா கையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துட்டு 'ஃப்ரோஸன் ஷோல்டர்'னு சொன்னாங்க. மூட்டைச் சுத்தி இருக்கற உறை தடிச்சு இறுகிப்போறதாம். நாப்பதுலேர்ந்து அறுபது வயசுக்குள்ள, பெண்களுக்கு அதிகம், சர்க்கரை உள்ளவங்களுக்கு இன்னும் அதிகம். தானா சரியாகும், ஆனா ஒரு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் ஆகலாம்னாங்க. மூணு வருஷமா! வலி மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்து அனுப்பினாங்க. சர்க்கரையும் பார்த்தாங்க, இல்லை.

ரெண்டு மாசம் பயிற்சி செஞ்சேன். சுவத்துல விரலால ஏணி ஏறற மாதிரி ஒண்ணு உண்டே, அதேதான். அப்பதான் எதிர்வீட்டுச் சீனத்து ஆண்ட்டி, "நம்ம புளோக்குக்குக் கீழ இருக்கற சின்சேகிட்ட போ"ன்னாங்க. சின்சேன்னா இங்க சிங்கப்பூர்ல சீன வைத்தியர். எல்லா வட்டாரத்துலயும் வீவக புளோக் அடியில கோப்பிக்கடை, மளிகைக்கடைக்குப் பக்கத்துல ஒரு சீன மருந்துக்கடையோ வைத்தியசாலையோ இருக்கும். பக்கத்துல போனாலே வேர் வாசனை தூக்கும். நான் இருபது வருஷமா அந்த வாசனையைத் தாண்டிப் போயிருக்கேனே தவிர உள்ள போனதில்லை.

முதல் நாள் நான் பண்ணின கூத்து இருக்கே. ரத்தப் பரிசோதனைக்குப் போற மாதிரி நினைச்சுக்கிட்டு காலையில வெறும் வயித்தோட போனேன். ஒரு காபி மட்டும். உள்ள நுழைஞ்சதும் சின்சே (அறுபது வயசு இருக்கும், ஒல்லியா, சட்டைப்பையில ரெண்டு பேனா) "சாப்பிட்டாச்சா?"ன்னு ஆங்கிலத்துல கேட்டார். இந்த ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், சீனர்கள் யாரைப் பார்த்தாலும் 'சாப்பிட்டாச்சா'ன்னுதான் கேப்பாங்க. நம்ம ஊர்ல 'சௌக்கியமா'ங்கற மாதிரி. நானும் பதில் மரியாதையா "ஆச்சு ஆச்சு"ன்னு சிரிச்சு வெச்சேன். அவர் கேட்டது நிஜமான கேள்வின்னு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

நாக்கை நீட்டச் சொன்னார். ஒரே பழுப்பு. "கோப்பியா?"ன்னு கேட்டார். நாக்கோட நிறம், மேல படிஞ்சிருக்கற பூச்சு இதையெல்லாம் பார்த்துத்தான் அவங்க முறையில கணிப்பாங்க. அதனால போறதுக்கு முன்னாடி காபி, மஞ்சள் போட்ட சாப்பாடு, கலர் மிட்டாய் எல்லாம் வேண்டாம். ரொம்பச் சுத்தமா இருக்கணும்னு நாக்கு வழிச்சுட்டும் போகாதீங்க. அப்புறம் ரெண்டு மணிக்கட்டுலயும் மூணு மூணு விரல் வெச்சு நாடி. நம்ம சித்த வைத்தியத்துலயும் மூணு விரல்தான், வாதம் பித்தம் கபம்னு. இவங்க கணக்கு வேற, ஒவ்வொரு கையிலயும் ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு உறுப்பு.

நாடி பார்த்துட்டு "சிறுநீரகம் பலவீனம்"னு சொன்னாரு பாருங்க, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. மறுநாளே பாலிகிளினிக் ஓடி ரத்தம் கொடுத்தேன். கிரியாட்டினின் எல்லாம் கச்சிதமா இருந்தது. அடுத்த வாரம் கேட்டப்ப சின்சே சிரிக்கறார். அவங்க பேச்சுல 'சிறுநீரகம்', 'கல்லீரல்'னா ஒரு பெரிய செயல்பாட்டுத் தொகுதிக்குப் பேர். ஸ்கேன்ல தெரியற உறுப்புல வியாதின்னு அர்த்தம் இல்லை. 'கல்லீரல்ல சக்தி தேங்கியிருக்கு'ன்னா மஞ்சக்காமாலைன்னு பயப்பட வேண்டாம். அதே மாதிரி, அவங்க 'சிறுநீரகம் நல்லா இருக்கு'ன்னு சொன்னா நிஜமாவே நல்லா இருக்குன்னும் எடுத்துக்க வேண்டாம். இது ரெண்டாவதுதான் முக்கியம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

சரி, ஊசிக்கு வருவோம். எல்லாரும் கேக்கற முதல் கேள்வி வலிக்குமா. ரத்தம் எடுக்கற ஊசி சாதாரணமா 0.8 மில்லிமீட்டர் கனம் இருக்கும், நடுவுல ஓட்டை. அக்குபங்சர் ஊசி கால் மில்லிமீட்டர் அளவுதான், ஓட்டை கிடையாது. ரத்த ஊசியோட ஓட்டைக்குள்ளயே இதை நுழைச்சுடலாம். குத்தும்போது எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக். சில பேர் சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள்ள ஊசியை வெச்சு மேல ஒரு தட்டு தட்டுவாங்க. அந்தச் சுருக் கூடத் தெரியாது. இந்தக் குழாய் முறை 17-ஆம் நூற்றாண்டு ஜப்பான்ல சுகியாமா வாய்ச்சின்னு கண் தெரியாத ஒரு வைத்தியரோட பேர்ல வழங்குது. பார்வை இல்லாதவருக்கு ஊசியை நேரா பிடிக்க ஒரு வழி வேணும், குழாய் வந்தது. இப்ப உலகம் பூரா கண் தெரிஞ்சவங்களும் அதைத்தான் வெச்சுக் குத்தறாங்க.

உள்ள போன பிறகுதான் விஷயமே. ஊசியை லேசாத் திருகுவாங்க. அப்ப ஒரு மதமதப்பு, கனம், சில சமயம் மின்சாரம் ஓடற மாதிரி ஒரு இழுப்பு. சீனத்துல இதுக்கு 'தேச்சி'ன்னு பேர். அது வரணும்னு அவங்க எதிர்பார்ப்பாங்க. ஆனா பொறுக்க முடியாத எரிச்சலோ கூரான வலியோ வந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க, வாயைத் திறந்து சொல்லணும். நாம மரியாதைக்காகச் சும்மா இருக்கற ஜாதி, அதான் சொல்றேன்.

தோளுக்கு நாலு, கைக்கு ரெண்டு, சம்பந்தமே இல்லாம வலது முழங்காலுக்குக் கீழ ஒண்ணு. தோள் வலிக்கு ஏன் காலில்னு கேட்டேன். பாதைகள் அப்படி ஓடுதுன்னார். உடம்புல 12 முக்கியப் பாதைகள், உலக சுகாதார நிறுவனம் இடம் வரையறுத்து வெளியிட்ட பட்டியல்ல மட்டும் 361 புள்ளிகள். அந்தப் பாதைகளை அறுத்துப் பார்த்து யாரும் கண்டதில்லைங்கறதையும் சேர்த்தே சொல்லிடணும்.

ஊசி எல்லாம் போட்டுட்டு மேல ஒரு சூடு விளக்கை வெச்சுட்டு, இருபது நிமிஷம் அசையாதேன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அஞ்சாவது நிமிஷம் எனக்குக் காது ஙொய்ங்குது. கை காலெல்லாம் ஜில்லுனு வேர்வை. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நல்லவேளை கைக்கிட்ட மணி இருந்தது, அடிச்சேன். அவர் ஓடி வந்து மளமளன்னு எல்லா ஊசியையும் உருவி, தலகாணியை எடுத்துக் காலுக்குக் கீழ வெச்சு, வெதுவெதுன்னு தண்ணி கொடுத்தார். "ஆண்ட்டி, நிஜமா சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டார். என்னை விடப் பெரியவர் என்னை ஆண்ட்டிங்கறாரேன்னு கோபப்படக்கூடத் தெம்பில்லை. அன்னிக்கு வைத்தியம் அவ்வளவுதான், மைலோ குடிச்சுட்டு வீட்டுக்குப் போன்னுட்டார்.

ஆகவே மக்களே, சாப்பிட்டுட்டுப் போங்க. மூக்கு முட்ட இல்லை, ரெண்டு இட்லி போதும். தளர்வா உடுத்திக்கிட்டுப் போங்க, முழங்காலுக்கும் முழங்கைக்கும் மேல சுருட்டற மாதிரி. முதல் தடவை படுத்த நிலையில போட்டுக்கறது நல்லது. உட்கார்ந்தா மயக்கம் வர வாய்ப்பு அதிகம்.

ஊசி எண்ணிக்கையை நீங்களும் எண்ணி வெச்சுக்கணும். சிரிக்காதீங்க. நாலாவதோ அஞ்சாவதோ தடவை, வீட்டுக்கு வந்து குளிக்கும்போது காதுக்குப் பின்னாடி முடிக்குள்ள என்னமோ தட்டுப்படுது. பார்த்தா ஒரு ஊசி ஒய்யாரமா நின்னுட்டு இருக்கு! அதோடயே எம்ஆர்டியில வந்திருக்கேன். எங்க வீட்டு ரங்கமணி, "ஆன்ட்டெனாவா?"ன்னு கேட்டார். மறுவாரம் சொன்னப்ப சின்சே முகம் வெளுத்துப் போச்சு. அதுக்கப்புறம் நான் பேசறதுக்கு முன்னாடியே சத்தமா எண்ணிக்கிட்டே எடுப்பார்.

இன்னொண்ணு கண்ணால பார்க்க வேண்டியது, ஊசிப் பொட்டலம். ஒரு தடவை போட்டுட்டுத் தூக்கி எறியற ஊசியா இருக்கணும், பொட்டலத்தை உங்க முன்னாடி கிழிக்கணும், எடுத்த ஊசி அதுக்கான டப்பாவுக்குள்ள போகணும். ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின காலத்துல ஹெபடைடிஸ் பி பரவினது உண்டு. 'கொதிக்க வெச்சுட்டோம்'னு சொன்னா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

ஆபத்து ரொம்பக் குறைவுதான். சின்ன ரத்தக்கட்டு, ஒரு சொட்டு ரத்தம், அன்னிக்கு ஒரு அசதி, இவ்வளவுதான் பெரும்பாலும். ஆனா அபூர்வமா நடக்கற ஒண்ணு உண்டு. தோள்மேட்டுலயும் முதுகுலயும் நெஞ்சுலயும் ஊசி ஆழமாப் போனா நுரையீரல் உறையில ஓட்டை விழுந்து காத்து கசியலாம். போட்டுக்கிட்ட உடனேயோ சில மணி நேரம் கழிச்சோ மூச்சுத் திணறலோ நெஞ்சுல குத்தலோ வந்தா, 'ஊசி வேலை செய்யுது போல'ன்னு படுத்திருக்காம அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகணும், அக்குபங்சர் போட்டுக்கிட்டேன்னு வாயைத் திறந்து சொல்லணும். கர்ப்பமா இருக்கறவங்க முதல்லயே சொல்லணும், சில புள்ளிகளைத் தவிர்ப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் சொல்லணும். பேஸ்மேக்கர் இருந்தா ஊசியில மின்சாரம் கொடுக்கற முறை கூடாது. கூடவே சீன மூலிகைப் பொடி கொடுத்தா என்னன்னு பேர் கேட்டு எழுதி வாங்கிக்கங்க. 'டாங் குவெய்'னு ஒரு வேர், சூப்புல எல்லாம் போடுவாங்க, வார்ஃபரின் மாத்திரையோட சேர்ந்தா ரத்தக்கசிவு ஆகலாம்.

சரி, எனக்குக் குணமாச்சா? வாரம் ஒண்ணுன்னு எட்டுத் தடவை போனேன், ஒரு தடவைக்கு நாப்பது வெள்ளி. மூணாவது தடவைக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் வந்தது. அது சத்தியம். கை மேல தூக்கறதுக்கு மேலும் ஏழு மாசம் ஆச்சு, பயிற்சியும் விடலை. அந்த வியாதி தானாவே போற வியாதி வேற. அதனால ஊசி வலியைக் குறைச்சதுன்னு சொல்லுவேன், தோளைச் சரி பண்ணினதுன்னு சொல்ல மாட்டேன்.

இது என் ஒருத்தி கதை. ஜெர்மனியில 2007-இல வெளியான ஒரு பெரிய ஆய்வு இருக்கு, நாள்பட்ட இடுப்புவலிக்காரங்க 1,162 பேர். ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குச் சும்மா, புள்ளி இல்லாத இடத்துல மேலோட்டமா ஊசி. மூணாவது பிரிவுக்கு வழக்கமான மருந்து, பிசியோதெரபி. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா முறைப்படி குத்தினவங்கள்ல 47.6 சதவீதம் பேருக்குப் பலன். சும்மா குத்தினவங்கள்ல 44.2. வழக்கமான சிகிச்சைக்கு 27.4. இதை வெச்சு ரெண்டு கட்சிக்காரங்களும் சண்டை போடலாம். 'பார்த்தியா, மருந்தை விட மேல்'னு ஒருத்தர். 'பார்த்தியா, எங்க குத்தினாலும் ஒண்ணுதான்'னு இன்னொருத்தர். எனக்கு ரெண்டுமே உண்மைன்னுதான் படுது. யாரோ ஒருத்தர் அரை மணி நேரம் நம்ம வலியைக் காது கொடுத்துக் கேட்டு, தொட்டு, படுக்க வெச்சு, விளக்கு வெச்சா பாதி வலி போகுது. பாலிகிளினிக்ல அந்த அரை மணி நேரம் கிடைக்காது. அவங்க மேல தப்பில்லை, வெளிய நாப்பது பேர் காத்திருக்காங்க.

எத்தனை தடவை போகணும்ங்கறதுக்கு ஒரு நல்ல அளவுகோல் அமெரிக்க மெடிகேர்காரங்களோடது. அவங்க 2020-இல நாள்பட்ட இடுப்புவலிக்கு அக்குபங்சர் செலவைக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 90 நாளுக்குள்ள 12 தடவை, முன்னேற்றம் தெரிஞ்சா இன்னும் 8, தெரியலைன்னா நிறுத்து. நான் அதைவிடக் கஞ்சம், ஆறு தடவைக்குள்ள ஒண்ணுமே தெரியலைன்னா நிறுத்திடலாம்பேன். இருபது தடவைக்கு முன்பணம் கட்டினா ரெண்டு இலவசம்னு யாராவது சொன்னா கட்டாதீங்க.

கதைகளையும் நம்பாதீங்க. சீனாவுல ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு மயக்க மருந்தே இல்லாம ஊசி குத்தி ஆபரேஷன் பண்ணாங்கன்னு ஒரு கதை சுத்தும். நியூயார்க் டைம்ஸ்ல இருந்த ஜேம்ஸ் ரெஸ்டன்தான் அவர், 1971 ஜூலையில பீக்கிங்ல குடல்வால் எடுத்தாங்க. எடுத்தது சாதாரண மரமரப்பு ஊசி போட்டுத்தான். அடுத்த நாள் ராத்திரி வயிறு உப்பி வலிச்சப்பத்தான் முழங்கையிலயும் முழங்காலுக்குக் கீழயும் அக்குபங்சர் போட்டாங்க, வலி குறைஞ்சது. அவர் எழுதினது அவ்வளவுதான். மீதியெல்லாம் படிச்சவங்க சேர்த்தது.

இப்ப நான் பட்ட கதை.

என் தோள் வலி கொஞ்சம் குறைஞ்ச சந்தோஷத்துல கும்பகோணத்துல இருக்கற அம்மாவுக்குப் போன்ல அளந்து விட்டேன். "அம்மா, மாத்திரையே வேண்டாம்மா, ரெண்டு ஊசி, பஞ்சா பறந்துடுச்சு." சும்மா ஒரு பேச்சுக்குத்தான். அம்மாவுக்கு அப்ப 71 வயசு. பதினெட்டு வருஷமா சர்க்கரை. ரெண்டு வேளை மாத்திரை, ராத்திரி இன்சுலின். அதுல அவங்களுக்கு ஒரு சலிப்பு உண்டு, ஊசி குத்திக் குத்தி வயிறு கன்னிப்போச்சும்பாங்க. முழங்கால் வலி வேற.

நம்ம ஊர்ல இப்ப தெருவுக்குத் தெரு அக்கு ஹீலர். நல்லா படிச்சு, ஒழுங்கா செய்யறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லலை. அம்மாவைப் பக்கத்து வீட்டம்மா கூட்டிட்டுப் போன இடத்துல ஊசி கூடக் கிடையாது. மணிக்கட்டுல ஒரு புள்ளியை ஒரு நிமிஷம் தொட்டாராம். அவ்வளவுதான் வைத்தியம். பிறகு ஒரு மணி நேரம் பேச்சாம். சர்க்கரைங்கறது வியாதியே இல்லை, மாத்திரைதான் வியாதி. மாத்திரையையும் இன்சுலினையும் இன்னிக்கே நிறுத்துங்க. டெஸ்ட் எடுக்காதீங்க, எடுத்தா பயம் வரும். தாகம் எடுத்தா, அடிக்கடி சிறுநீர் போனா, உடம்பு இளைச்சா பயப்படாதீங்க, அது கழிவு வெளியேறுது.

கவனிச்சீங்களா? சர்க்கரை எகிறினா என்னென்ன வருமோ அதையெல்லாம் முன்கூட்டியே குணமாகற அறிகுறின்னு சொல்லி வெச்சுட்டார். அப்புறம் அம்மா எப்படிப் பயப்படுவாங்க?

தம்பிகிட்ட சொல்லலை. அவன் திட்டுவான்னு பயம். என்கிட்டயும் சொல்லலை. போன்ல கேக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன், உடம்பு லேசா இருக்கு"ன்னாங்க. நானும் சந்தோஷப்பட்டேன். லேசாத்தான் இருந்திருக்கும், மூணு வாரத்துல ஆறு கிலோ போயிருந்ததே. ரத்தத்துல சர்க்கரை எக்கச்சக்கமா ஏறினா அது சிறுநீரோட உடம்புத் தண்ணியையும் இழுத்துக்கிட்டு வெளிய போகும். குடிக்கக் குடிக்கத் தாகம். வயசானவங்களுக்கு ஒரு கட்டத்துல புத்தி தடுமாறிடும். 2018 ஏப்ரல்ல ஒரு நாள் காலையில தம்பி பையனைப் பார்த்து அம்மா எங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. தம்பி அள்ளிப்போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். சர்க்கரை 512.

நான் மறுநாள் திருச்சிக்கு விமானம் ஏறினேன். நாலு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வெளிய பிளாஸ்டிக் நாற்காலியில நானும் தம்பியும். அவன் ரெண்டு நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. மூணாம் நாள் டீ வாங்கிக் கொடுத்துட்டுச் சொன்னான். "அக்கா, நான் தினம் பக்கத்துல இருந்து பத்து தடவை சொன்னாலும் அம்மா கேக்காது. நீ சிங்கப்பூர்லேர்ந்து ஒரு வார்த்தை சொன்னா அது அம்மாவுக்கு வேதவாக்கு. பார்த்துப் பேசு அக்கா."

அம்மா பிழைச்சு வந்தாங்க. கண் முழிச்சு நிதானம் வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டது, "உனக்கு மட்டும் எப்படி சரியாச்சு?"

என்ன பதில் சொல்றது? எனக்கு இருந்தது தோள் வலி, உனக்கு இருக்கறது சர்க்கரைன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணில்லைங்கறதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

அந்த ஹீலரைப் போய்ப் பார்த்தோம். "நம்பிக்கை பத்தலை, நடுவுல விட்டுட்டீங்க"ன்னார். தம்பி கையை ஓங்கிட்டான், நான்தான் இழுத்துட்டு வந்தேன். அதுக்கு மேல எதுவும் செய்யலை, செய்யத் தெம்பும் இல்லை.

இங்க சிங்கப்பூர்ல 2000-இல சட்டம் போட்டுட்டாங்க. அக்குபங்சர் செய்யறவங்க பதிவு செஞ்சிருக்கணும், பேரைச் சொல்லித் தேடினா பட்டியல்ல வரணும். சான்றிதழைச் சுவத்துல மாட்டியிருப்பாங்க. இந்தியாவுல மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல இதை ஒரு தனிச் சிகிச்சை முறையா ஏத்துக்கிட்டது. மகாராஷ்டிரத்துல இதுக்குன்னே தனிச் சட்டம் உண்டு. இதெல்லாம் புதுசு. அக்குபங்சர் இந்தியாவுக்கு வந்தது ரொம்ப முன்னாடி. 1938-இல சீனாவுக்கு நம்ம நாட்டுலேர்ந்து அஞ்சு டாக்டர்கள் போனாங்களே, கோட்னிஸ் கூட, அதுல இருந்த பி.கே. பாசு 1950-களோட கடைசியில மறுபடி போய்க் கத்துக்கிட்டு வந்து கல்கத்தாவுல ஆரம்பிச்சு வெச்சார். அவர் முறைப்படி படிச்ச டாக்டர். மருந்தை நிறுத்தறதுக்காக அவர் ஊசியை எடுத்துட்டு வரலை.

அதனால ஆபீஸ் பொண்ணுகிட்ட நான் சொன்னது இதுதான். உங்க அண்ணன் முதல்ல ஒரு டாக்டர்கிட்ட இடுப்பைக் காட்டட்டும். கால் மரத்துப் போகுதா, சிறுநீர் அடக்க முடியலையா, காய்ச்சல் இருக்கா, காரணமில்லாம எடை குறையுதா, இதுல எது இருந்தாலும் ஊசிக்காரர்கிட்ட போற நேரம் இல்லை அது. ஒண்ணும் இல்லை, வெறும் வலிதான்னா தாராளமாப் போகட்டும். போற இடத்துல அவங்க என்ன சொல்றாங்கங்கறதைவிட என்ன கேக்கறாங்கன்னு பார்க்கச் சொல்லு. என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேக்காதவர்கிட்ட சட்டையைக் கழட்ட வேண்டாம்.

2019 டிசம்பர்ல அம்மா இங்க வந்து ரெண்டு மாசம் இருந்தாங்க. முழங்கால் வலி அப்பவும் இருந்தது. லிஃப்ட்லேர்ந்து இறங்கி கோப்பிக்கடை வரைக்கும் போறதுக்குள்ள ரெண்டு இடத்துல உட்காருவாங்க. சின்சேகிட்ட கூட்டிட்டுப் போகலாமான்னு எனக்கு ஒரே யோசனை. ரங்கமணி, "மறுபடியுமா?"ன்னார். கடைசியில அம்மாவே கேட்டுட்டாங்க, அந்த வாசனை வர்ற கடைதானே உன் டாக்டர் கடைன்னு.

கூட்டிட்டுப் போனேன். ரெண்டு இட்லி சாப்பிட வெச்சுத்தான். சின்சே நாடி பிடிக்கறதுக்கு முன்னாடியே மாத்திரை எல்லாத்தையும் எடுத்துக் காட்டச் சொன்னார். அம்மா சுருக்குப்பை மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதைக் கவுத்தாங்க. மூக்குக் கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் படிச்சு ஒரு தாள்ல எழுதிக்கிட்டார். இன்சுலின் எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, கடைசியா எப்ப ரத்தம் பார்த்தது, எவ்வளவு இருந்தது. அப்புறம் செருப்பைக் கழட்டச் சொல்லி விரலிடுக்கு வரைக்கும் பாதத்தைப் பார்த்தார். உள்ளங்கால்ல பேனா முனையால தொட்டு, தெரியுதா தெரியுதான்னு கேட்டார். அம்மாவுக்கு இடது கால் கட்டை விரல்ல தெரியலை. சரி, பாதத்துல ஊசியும் வேண்டாம், சூடு விளக்கும் வேண்டாம், சுட்டா கூட ஆண்ட்டிக்குத் தெரியாது, முழங்காலைச் சுத்தி மட்டும் போடலாம், இந்தக் கால் மரத்துப்போறதை உங்க டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்கன்னார். நான்தான் மொழிபெயர்ப்பு.

அஞ்சு ஊசி. எண்ணிக்கிட்டேதான் போட்டார், எண்ணிக்கிட்டேதான் எடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கிட்டு நல்லாத் தூங்கிட்டாங்க, குறட்டை வேற.

வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது என்கிட்ட ரகசியமா கேக்கறாங்க:

"ஏண்டி, இவரு மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லையே. வேலை சரியாத் தெரியாதோ?"